அந்த இரண்டு பந்தயச் சூட்டையும் தைத்தவள் நான்

மகனே,

நீ சுகமாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். முந்தாநாள் அனுப்பிய படத்தில் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. பின்னால் கட்டிலில் வெள்ளை விரிப்பு, சுவரில் ஏசி. ஆகவே சுகம் விசாரித்துக்கொண்டிருக்கப் போவதில்லை. நான் கோபமாக இருக்கிறேன். இவ்வளவு கோபம் எனக்கு எப்போதும் வந்ததில்லை. அதில் உனக்கு ஒரு பங்கு, உங்கள் பந்தயக் கழகத்துக்கு ஒரு பங்கு, மிச்சம் எனக்கு. யாருக்கு எவ்வளவு என்று எழுதி முடிக்கும்போது உனக்கே தெரியும்.

நீ கட்டாருக்குப் போய் ஏழு கிழமை, ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகிறது. இந்த ஏழு கிழமையும் ஒன்றுவிட்ட ஒரு நாள் போன் எடுக்கிறாய். அப்பாவின் முழங்கால் நோவைக் கேட்டாய். பக்கத்து வீட்டு நாய் எத்தனை குட்டி போட்டது என்று கேட்டாய். கடைக்கு முன்னால் வாய்க்கால் கட்டி முடித்துவிட்டார்களா என்று கேட்டாய். ரிஸ்வானைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன ஞாயிறு மட்டும் குரலில் ஒரு துள்ளலோடு சொன்னாய்: "அம்மா, ரெண்டு வருசம் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தனெண்டால் போதும். ஒரு நல்ல பைக், ஒரிஜினல் சூட், எல்லாம் வாங்கிக்கொண்டு வந்து திரும்ப ஓடுவன்." நான் "ம்" என்றேன். அந்த ஒரு எழுத்துக்குள் இருந்ததைத்தான் இப்போது எழுதுகிறேன். போனில் சொல்ல எனக்கு ஏலாது. நீ குறுக்கே கதைப்பாய், நான் அழுவேன், நான் அழுதால் கதை அத்தோடு முடிந்துவிடும்.

நீ பைக் பந்தயம் ஓடத் தொடங்கிய காலத்தை நான் மறக்கவில்லை. பதினெட்டு வயது. உப்புவெளிக்கு அப்பால் உள்ள மண் வெட்டையில் பெடியன்கள் சேர்ந்து நாலு பழைய டயரை வளைவுகளில் போட்டு, சுண்ணாம்பால் கோடு இழுத்து ஓடினீர்கள். வேலைக்குப் போகிற பைக்தான் பந்தய பைக். சனிக்கிழமை மாலை கண்ணாடியையும் பின் விளக்கையும் கழற்றுவீர்கள். திங்கட்கிழமை காலை திரும்பப் பூட்டுவீர்கள். சாம்பல்தீவில் மீன் ஏற்றுகிறவன், கிண்ணியாவில் மெக்கானிக், துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிறவன், அரசாங்கக் கந்தோரில் எழுதுகிறவன், எல்லோரும் ஒரே கோட்டில் நின்றீர்கள். ஓடுவதற்கு நீங்கள் கொடுத்த காசு ஒரு சோற்றுப் பார்சலின் விலை. வென்றவனுக்கு ஒரு பிளாஸ்டிக் கோப்பை. ரிஸ்வானை நீ கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்தது அந்த நாட்களில்தான். கிண்ணியாப் பெடியன், மெலிந்த உடம்பு, சிரித்தால் ஒரு பக்கம் பல் தெரியும். "அன்ரி, என்ட சீட் கிழிஞ்சு போச்சு, ஒருக்காத் தைச்சுத் தாங்க" என்று வந்தவன், சீட்டைத் தைத்து முடிக்கும்வரை என் கடையில் கிடந்த மூன்று கத்தரிக்கோலையும் சாணை பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

உனது முதல் விழுகையை உன் அப்பாவிடம் மறைத்தவள் நான். முழங்கையில் தோல் போய் வந்து நின்றாய். கடைக்குள்ளே இருத்தி, கழுவி, மருந்து போட்டு, நீளக்கை சட்டை ஒன்றை மாட்டி வீட்டுக்கு அனுப்பினேன். உன் அப்பா துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்கிற மனிதர். கயிறு அறுந்து கால் போனவர்களைக் கண்டவர். தெரிந்திருந்தால் அன்றைக்கே பைக் சாவியைக் கடலில் எறிந்திருப்பார். "அப்பாட்ட சொல்லாதைங்கோ அம்மா" என்றாய். நான் சொல்லவில்லை. அதில் எனக்கு ஒரு சந்தோசம்கூட இருந்தது, மகன் என்னிடம்தான் வருகிறான் என்று. ஒரு பிழையை மூடி மேலே சட்டை போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று நீ படித்தது அந்தக் கடைக்குள்ளேதான். படிப்பித்தவள் நான்.

பிறகு விலைகள் ஏறின. இந்த நாட்டில் எல்லாமே ஏறியது, எனக்குத் தெரியும். பெற்றோலுக்கு நீயும் அப்பாவும் மாறி மாறி வரிசையில் நின்ற வருடம் அது. வெளிநாட்டு டயர் வருவது நின்றது. நின்ற பொருள் திரும்ப வந்தபோது பழைய விலையைக் கேட்டவனைக் கடைக்காரன் ஒரு மாதிரிப் பார்த்தான். செயின், பிரேக் கட்டை, பந்தய எண்ணெய், எதைத் தொட்டாலும் சுட்டது. ஒரு சோடி டயருக்கு நான் இரண்டு மாதம் ஓட்டோ சீட் தைக்க வேண்டியிருந்தது. அதைக்கூட நான் மன்னிப்பேன். டொலர் ஏறியதற்குக் கழகம் என்ன செய்யும்? ஆனால் அதே காலத்தில்தான் உங்கள் கழகத்துக்குப் புதிய தலைவர் வந்தார். கடற்கரையில் விருந்தினர் விடுதி வைத்திருக்கிறவர். கொழும்பிலிருந்து அவருடைய நண்பர்கள் வந்தார்கள், லொறியில் ஏற்றிய பைக்குகளோடு. வெட்டை போய்த் தார் போட்ட பாதை வந்தது. மேடை வந்தது, ஒலிபெருக்கி வந்தது, வென்றவனைச் சுற்றி விடக் கலர்ப் புகை வந்தது. அதற்குப் பிறகு ஒரு தாள் வந்தது. முழுத் தோல் சூட் வேண்டும், முத்திரை பதித்த ஹெல்மெட் வேண்டும், முதுகுக் கவசம் வேண்டும், அனுமதிப்பத்திரம் வேண்டும், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் காப்புறுதிக் காசு கட்ட வேண்டும்.

அந்தத் தாளில் ஒரு வரியும் பிழையில்லை. இதைச் சொல்ல எனக்கு வாய் கசக்கிறது, ஆனால் சொல்லத்தான் வேண்டும். தார்ப் பாதையில் அவ்வளவு வேகத்தில் ஓடுகிறவனுக்குத் தோல் உடுப்பு வேண்டும். பிழை அந்தத் தாளைக் கொண்டுவந்து கையில் திணித்துவிட்டு, வாங்க வழியில்லாதவன் என்ன செய்வான் என்று ஒருவரும் கேட்காமல் போனது. எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடுவதில்லையே. பத்துச் சூட்டைக் கழகம் வாங்கி வைத்து, மாறி மாறிப் போட்டு ஓடச் சொல்லியிருக்கலாம். நான் ஒரு தையல்காரி, எனக்கே இது விளங்குகிறது. அந்தத் தலைவர் ஒரு நாள் காரின் பின் சீட் தைக்கக் கடைக்கு வந்தபோது இதைக் கேட்டனான். சிரித்துக்கொண்டு சொன்னார்: "அன்ரி, இது இப்ப முந்தின மாதிரி இல்லை. காசிருக்கிறவன் ஓடுவான், இல்லாதவன் கைதட்டுவான்." அந்த மனிதரின் சீட்டை நான் ஒழுங்காகத்தான் தைத்துக் கொடுத்தேன்.

சாம்பல்தீவுப் பெடியன் விட்டுவிட்டான். கந்தோர்ப் பெடியன் விட்டுவிட்டான். நீயும் விட்டிருக்கலாம். நீ ஒரு பின்னேரம் வந்து, மெசினுக்கு முன்னால் குந்தியிருந்து, "அம்மா, நீங்கள் தைச்சால் என்ன?" என்றாய். கையில் போனில் ஒரு சூட்டின் படம். ஒவ்வொரு துண்டையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டினாய். நான் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இந்தத் தையல் பெரிய வேலையில்லை" என்று சொன்னேன். இருபத்திரண்டு வருடம் ஓட்டோ சீட்டும் படகு மெத்தையும் தைத்தவளுக்கு முதல் தடவையாக ஒரு அழகான வேலை கிடைத்த பெருமை. உன் ஆசையை நான் தூக்கிப் பிடித்தது உனக்காக மட்டும் இல்லை, மகனே.

தோலுக்கு எங்கே போவது? விடுதி ஒன்றில் கழித்துப் போட்ட சோபா ஒன்றை நீயும் ரிஸ்வானும் தோளில் சுமந்துகொண்டு வந்தீர்கள். உண்மையான மாட்டுத் தோல், மூலைகளில் மட்டும் வெடித்திருந்தது. உரித்து, எண்ணெய் பூசி, வெயில் படாமல் விரித்து வைத்தேன். அளந்து பார்த்தபோது இரண்டு பேருக்கும் முழுதாகக் காணாது என்று தெரிந்தது. விழுந்தால் தேய்கிற இடங்கள் தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் என்று நீதான் சொன்னாய். அந்த இடங்களுக்குத் தோல், மற்ற இடத்துக்கு ஓட்டோ சீட்டுக்குப் போடுகிற தடித்த ரெக்சின், அதே கறுப்பு நிறம். அப்படித்தான் மூன்று பேரும் கதைத்து முடிவெடுத்தோம். ரிஸ்வான் சொன்னான்: "அன்ரி தைச்சா அது போதும்." அடுத்த ஓட்டத்துக்கு முன் கழகத்தின் பரிசோதகர் இரண்டு சூட்டையும் தடவிப் பார்த்தார். உள்பக்கம் திருப்பி மடிப்பையும் பார்த்தார். பாதி ரெக்சின் என்று பார்த்தவருக்கு விளங்கியது, எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் பக்கத்தில் நின்றனான். என்னைப் பார்த்து, "நல்ல வேலை அன்ரி, தூரத்தில நிண்டு பார்த்தால் ஒருத்தருக்கும் தெரியாது" என்று சொல்லிவிட்டு ஓடலாம் என்று இரண்டு பேருக்கும் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினார்.

இப்போது உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். இதை எழுதத்தான் நான்கு நாள் பேனையைத் தூக்குவதும் வைப்பதுமாக இருந்தேன்.

உன் சூட்டை முதலில் தைத்தேன். முடித்து, பொம்மையில் மாட்டிப் பார்த்தபோது இடுப்பில் அந்தத் தோல் மெல்லிதாக இருப்பதுபோல் எனக்குத் தோன்றியது. சோபாவில் ஆட்கள் இருந்து தேய்ந்த இடத்துத் தோல் அது. ரிஸ்வானின் இடுப்புக்கென்று வெட்டி வைத்திருந்த துண்டு மேசையில் கிடந்தது. சோபாவின் முதுகுப் பக்கத் தோல், தடித்தது, நல்லது. அதை எடுத்து உன் இடுப்பில் இரண்டாவது அடுக்காக வைத்துத் தைத்தேன். கடையில் வேறு ஒருவரும் இல்லை. ரிஸ்வானின் இடுப்புக்கு ரெக்சினை இரண்டு மடிப்பாக மடித்து வைத்தேன். மெசின் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லலாம். பொய். எல்லாம் கேட்டது. இரண்டு மடிப்பு ரெக்சின் காணும் என்று எனக்கு நானே சொன்னது கேட்டது. உடுப்பை வாங்கிப்போக வந்த ரிஸ்வான், உன் கண் முன்னாலேயே என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

அந்த ஓட்டத்து ஞாயிற்றுக்கிழமை நடந்தது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனாலும் என் கண் கண்டதை நீ கேள். மூன்றாவது வளைவில் பாதை மேல் மணல் அடித்திருந்தது. ரிஸ்வானின் பைக் வழுக்கியது. பின்னால் வந்த நீ அதில் இடித்து விழுந்தாய். இரண்டு பேரும் இடப் பக்கம் சரிந்து, ஒருவன் பின்னால் ஒருவன், ஒரே தாரில் ஒரே தூரம் இழுபட்டுப் போனீர்கள். நீ எழும்பினாய். தூசியைத் தட்டினாய். ஒலிபெருக்கியில் உன் பெயரைச் சொல்லிக் கைதட்டச் சொன்னார்கள். ரிஸ்வான் எழும்பவில்லை. ரெக்சின் தாரில் தேய்ந்த வெப்பத்தில் உருகி இடுப்புச் சதையோடு ஒட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் அதை வெட்டி எடுத்தார்கள். வாட்டுக்கு வெளியே நான் நின்றபோது நீ வந்து என்னைக் கட்டிப்பிடித்து, "அம்மா, உங்கட சூட் என்னைக் காப்பாத்திட்டுது" என்றாய். நான் உன் முதுகைத் தடவினேன். இதோ, அதற்குப் பதில்: உன்னைக் காப்பாற்றியது அவனுடைய தோல்.

இவ்வளவும் என் பங்கு. இனி உன்னுடையது.

போன மாதம் ஒரு காலை, கடையைத் திறந்து கொஞ்ச நேரத்தில் ரிஸ்வானின் உம்மா வந்தார். கிண்ணியாவிலிருந்து தனியாக பஸ்ஸில் வந்திருந்தார். கதிரையை இழுத்துப் போட்டேன், இருக்கவில்லை. தோள்பையிலிருந்து ஒரு கடித உறையை எடுத்தார். காப்புறுதிக்காரர் ஒன்றும் தர முடியாது என்று எழுதிய கடிதம், அதோடு இணைத்த ஒரு பிரதி. பரிசோதனை முடிந்த பிறகு ரிஸ்வான் தன் சூட்டைக் கழற்றிவிட்டு வேறு மலிவான உடுப்பை மாற்றிக்கொண்டதாகவும், அதைத் தான் நேரில் கண்டதாகவும், கழகத்துக்கு இது தெரியாது என்றும் ஒருவர் எழுதிக் கொடுத்திருந்தார். கீழே கையெழுத்து.

"இது உங்கட மகன்ட கையெழுத்தா?" என்று கேட்டார் உம்மா.

உன் கையெழுத்தின் கடைசி எழுத்து வாலைச் சுழித்துக்கொண்டு நிற்கும். பள்ளிக்கூடக் கொப்பியில் பார்த்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். "ஓம்" என்றேன்.

"அவன் உடுப்பு மாத்தினானா?"

"இல்லை. அது நான் தைச்சுக் குடுத்த உடுப்புத்தான்."

உம்மா தாளை மடித்து உறைக்குள் வைத்தார். "எனக்குத் தெரியும். என்ட புள்ள அப்படிச் செய்ய மாட்டான். ஆனா உங்கட வாயால கேக்கணும்னு வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அன்றைக்கு உனக்குப் போன் எடுத்துக் கேட்டேன். மறந்திருக்க மாட்டாய். முதலில் "எதைப் பற்றிக் கதைக்கிறீங்கள்" என்றாய். பிறகு, "வீட்டில தைச்ச சூட் போட்டவனுக்கெல்லாம் வாழ்நாள் தடை எண்டு கழகத்தில சொன்னவங்கள் அம்மா. கையெழுத்து வைச்சால் தடையில உன்ர பேர் வராது எண்டவங்கள். நான் வேற என்ன செய்யிறது?" என்றாய். பிறகு லயன் வெட்டுப்பட்டது. வெட்டுப்பட்டதா, வெட்டினாயா, நான் கேட்கப் போவதில்லை. நான் கேட்பது வேறு. அந்தக் கையெழுத்தால் உனக்குக் கிடைத்தது என்ன? உன் பெயர் ஓடுகிறவர்களின் பட்டியலில் இருந்தது. அடுத்த பருவத்துக்குக் கட்ட வேண்டிய காசு எவ்வளவு என்று கேட்டதும், பைக்கையும் விற்று, ஏஜென்சிக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாய். ஓடக் காசில்லாத ஒரு ஓட்டத்தில் உன் இடத்தைக் காப்பாற்ற, உனக்கு முன்னால் விழுந்தவனைப் பொய்யன் ஆக்கினாய். அந்தத் தலைவர் உன்னைப் போன்றவனைப் பற்றி நினைத்ததெல்லாம் சரி என்று நீயே எழுதிக் கொடுத்துவிட்டாய். இதுதான் என் நெஞ்சை எரிக்கிறது. அவர்கள் உங்களை வெளியே தள்ளினார்கள். நீ திரும்பி நின்று அவர்களைத் தள்ளாமல், பக்கத்தில் நின்றவனைத் தள்ளினாய்.

நான் கழகக் கூட்டத்துக்குப் போனேன். உன் அப்பா போக வேண்டாம் என்றார். "பெடியன் வெளிநாட்டில. இஞ்ச இருக்கிற பேரையும் ஏன் கெடுக்கிறாய்?" என்றார். நான் கோயிலுக்கு உடுத்துகிற வெள்ளைச் சேலையை உடுத்திக்கொண்டு போனேன். பதினொரு ஆண்கள், நீண்ட மேசை, நடுவில் தலைவர். நான்தான் அந்த இரண்டு சூட்டையும் தைத்தது என்றும், ரிஸ்வான் விழும்போது போட்டிருந்தது பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய அதே சூட் என்றும், உள்மடிப்பைத் திருப்பிப் பார்த்தவர் இதோ மூலையில் இருக்கிறார் என்றும் சொன்னேன். பரிசோதகர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

தலைவர் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்தார். "அன்ரி, உங்கட மகன் நேரில கண்டதெண்டு எழுதித் தந்திருக்கிறார். அப்ப உங்கட மகன் பொய் சொன்னவரோ?"

கூட்டத்தில் சிலர் சிரிப்பை அடக்கினார்கள். நான் அந்த மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"ஓம். என்ர மகன் பொய் சொல்லியிருக்கிறான்" என்றேன். "அவன் பொய் சொல்ல வேண்டுமெண்டு விரும்பின ஆக்களும் இந்த மேசையிலதான் இருக்கிறீங்கள்."

உன்னைப் பெற்று வளர்த்தவள், என் வாயால் அதைச் சொன்னேன். கடைசியில் செயலாளர், வயதில் உன்னைவிடக் கொஞ்சம் மூத்த பிள்ளை, தலைவரின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அன்ரியின்ர வாக்கு மட்டும் காணாது. எழுதித் தந்தவர் தானே அதை வாபஸ் வாங்கி எழுதினால், காப்புறுதிக்குத் திரும்ப அனுப்பலாம். நான் அனுப்புவன்." அது என்ன துணிச்சல் என்று அந்த மேசையைக் கண்டவர்களுக்குத்தான் தெரியும். வீட்டுக்கு வந்தபோது உன் அப்பா, "பிள்ளையை ஊருக்கு முன்னால காட்டிக் குடுத்திட்டு வந்து நிக்கிறாய்" என்றார். அதன் பிறகு எங்களுக்குள் சோறு, தண்ணீர், சாவி என்ற கதைதான் நடக்கிறது. அவர் கோபமும் நியாயம்தான். என் கோபம் அதைவிட நியாயம்.

நேற்றைக்கு முதல் நாள் பாலத்தைத் தாண்டிக் கிண்ணியாவுக்குப் போனேன். பஸ்ஸால் இறங்கிப் பள்ளிவாசல் பக்கமாக நடந்தபோது மத்தியான லுகர் தொழுகை முடிந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் வந்த பிறகு ரிஸ்வான் வந்தான். கையில் ஊன்றுகோல். அவனுக்கு இடது காலை மடக்க ஏலாது. குனிந்து நெற்றியை நிலத்தில் வைக்க ஏலாது. இருபத்தாறு வயதில், கிழவர்களோடு பின்வரிசையில், கதிரையில் இருந்து தொழுகிறான். குந்தியிருந்து எஞ்சின் கழற்றிய மெக்கானிக். இப்போது சித்தப்பா முறையான சாச்சாவின் கடையில் போன் அட்டை விற்கிறான். என்னைக் கண்டதும் அதே ஒரு பக்கச் சிரிப்பு. "அன்ரி! வாங்க வாங்க, உம்மா ஊட்டதான் இரிக்கா."

குசினியில் உம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். ரிஸ்வானை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மேசையில் கிடந்த அந்தத் துண்டுத் தோலைப் பற்றி. அது யாருக்கு வெட்டியது, யாருக்குத் தைத்தது என்று. சொல்லி முடிக்கும்வரை அவர் கத்தியைக் கீழே வைக்கவில்லை, மீனையும் வெட்டவில்லை. பிறகு குழாயைத் திறந்து கையைக் கழுவினார், நெடுநேரம் கழுவினார்.

"ஒரு துண்டு தோல் இருந்து, ரெண்டு புள்ள இருந்தா, நானும் என்ட புள்ளைக்குத்தான் வெச்சிருப்பேன்" என்றார். "அதுக்காக நான் உங்கள மன்னிச்சிட்டேன்னு நினைச்சிராதீங்க."

"நினைக்கயில்லை" என்றேன்.

"அவனுக்கும் நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

வெளியே வந்து அவனுக்கும் சொன்னேன். அவன் ஊன்றுகோலின் ரப்பரை நிலத்தில் தேய்த்துக்கொண்டு கேட்டான். அவனுடைய முகத்தில் ஒன்று வந்து போனது. அதை எழுத எனக்குச் சொல் இல்லை. அவன் கத்தியிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். கத்தவில்லை. பஸ் நிற்கிற இடம்வரை கூட நடந்து வந்தான், வேண்டாம் என்றும் கேட்காமல். பாதி வழியில் நின்று மூச்சு வாங்கிவிட்டுக் கேட்டான்: "மச்சானுக்கு அங்க என்ன வேலை அன்ரி? வெயிலுக்குள்ளயா?"

மகனே, அவன் உன்னைப் பற்றிக் கேட்டான். நீ ஏழு கிழமையாக அவனைப் பற்றிக் கேட்காத கேள்வியை, நீ பொய்யன் ஆக்கிய வாயால் அவன் கேட்டான். பஸ்ஸில் ஏறி இருந்த பிறகு, பாலம் முழுக்க, எனக்கு வந்தது அழுகை இல்லை. உன் கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும்போல் இருந்தது. நீ குழந்தையாக இருந்தபோது ஒரு நாளும் வைத்ததில்லை. அதுவும் என் பிழைகளில் ஒன்றாக இருக்கலாம்.

உனக்கு நான் புத்தி சொல்ல வரவில்லை. ஓடாதே என்றும் சொல்ல மாட்டேன். நீ உழைத்த காசில் நல்ல பைக், நல்ல சூட் வாங்கி ஓடு, அது உன் பாடு. ஆனால் வாங்கும்போது, வாங்க ஏலாதவன் என்ன போட்டுக்கொண்டு உன் பக்கத்தில் நிற்கிறான் என்று ஒருமுறை திரும்பிப் பார். பார்த்துவிட்டு வாயைத் திற. நாங்கள் ஒருவரும் திறக்கவில்லை. தலைவர் சிரித்துச் சொன்ன பிறகு நான் திறக்கவில்லை, பரிசோதகருக்கு முன்னால் நீ திறக்கவில்லை. கள்ளமாகத் தைத்து உள்ளே நுழைவது எங்களுக்குச் சுலபமாக இருந்தது. அந்தச் சுலபத்தின் விலையை ஒரே ஒருவன் கட்டிக்கொண்டிருக்கிறான்.

கூட்டம் அடுத்த மாத முதல் ஞாயிறு. செயலாளர் காத்திருக்கிறார். ஒரு பக்கம் போதும். நீ கண்டதை, காணாததை, யார் கேட்டு எழுதினாய் என்பதை எழுது. அதன் பிறகு அவர்கள் உன்னை வாழ்நாளுக்கும் தடை செய்தால் செய்யட்டும். உன் அறைக்கு நான் ஒரு நாளும் பூட்டுப் போட மாட்டேன், நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும் நான் உன் அம்மாதான். ஆனால் எழுதாவிட்டால், நீ போனில் கேட்கிற நாய்க்குட்டிக் கதைக்கெல்லாம் பதில் சொல்ல எனக்கு ஏலாது.

இந்தக் கடிதத்தின் ஒரு பிரதியைக் கடைக் கண்ணாடியிலும் ஒட்டுகிறேன். இன்னும் பெடியன்கள் சூட் தைத்துத் தரச் சொல்லி வருகிறார்கள்; அவர்களும் அவர்களின் தாய்மாரும் படிக்கட்டும். என் பெயர் மேலே பலகையில் பெரிதாக இருக்கிறது. ரிஸ்வானிடம் கேட்டு, அவன் சரி என்று சொன்ன பிறகுதான் அவன் பெயரை எழுதினேன். உன் பெயரை ஓரிடத்திலும் எழுதவில்லை. ஊருக்கு அது யாரென்று தெரியும்தான். இருந்தாலும் அதை நான் எழுத மாட்டேன். நீதான் எழுத வேண்டும், உண்மைக்குக் கீழே.

அம்மா